'சைக்கிளுக்கு அனுமதி இல்லை' பலகை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

நேற்று வரைக்கும் ஓட்டிய பாதை. இன்றைக்குக் காலையில் போனால் வாயிலில் புதிதாக ஒரு பலகை, சைக்கிள் படத்தின் மேல் சிவப்புக் கோடு. கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் மலைச் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்திருக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் யாராவது இந்தப் பலகையைப் படமெடுத்து அனுப்பி, "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகை வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம். வருவதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய. அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரிக்கு உங்கள் முகமும் பெயரும் ஏற்கெனவே தெரிந்திருந்தால், பாதையை மூடலாமா என்ற யோசனை வரும்போதே உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். தெரியாவிட்டால் பலகையைப் பார்த்துத்தான் நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்தத் தெரிந்த முகமாக ஆவதற்கான வழிதான்.

(பைக் என்று எழுதினால் நம்மூரில் மோட்டார் பைக் என்றுதான் படிப்பார்கள், அதனால் கடைசி வரைக்கும் சைக்கிள் என்றே எழுதுகிறேன்.)

மரின் கதையை ஒரு தடவை கேளுங்கள்

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் மாவட்டம். 1970களில் அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊரைச் சுற்றி இருந்த இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைக்குத் தள்ளிக்கொண்டு போய், காட்டுத்தீ அணைக்கும் வண்டிகளுக்காக வெட்டியிருந்த மண் சாலைகளில் இறக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் 'ரீபேக்' பந்தயம் நடந்தது. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேருவதற்குள் பின்சக்கர பிரேக் கொதித்து உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும், மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம், பெயர் அதிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற மலைச் சைக்கிளுக்கு வேர் அந்தச் சரிவில் இருக்கிறது.

அதே மரினில், ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டவை. அகலமான மண் சாலைகளில் ஓட்டலாம், அங்கேயும் மணிக்கு 15 மைல் வரம்பு, மறைவான வளைவில் 5 மைல். ரேடார் துப்பாக்கியோடு ரேஞ்சர்கள் நின்று அபராதம் எழுதிய காலமும் உண்டு. சைக்கிள் பிறந்த வீட்டிலேயே சைக்கிளுக்கு ஏன் இந்த நிலைமை? என் பார்வையில் முக்கியக் காரணம் இது: அங்கே இருக்கிற டமல்பையஸ் மலையில் நடக்கப் போகிறவர்கள் ரொம்ப முன்னாலேயே சங்கமாகச் சேர்ந்துவிட்டார்கள். டமல்பையஸ் மலைக்கான பாதுகாப்புச் சங்கம் 1912இல் ஆரம்பித்தது. மலையை விலைக்கு வாங்கிக் கட்டடம் கட்டிவிடாமல் தடுத்து, அதைப் பொது நிலமாக நிற்க வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதற்கு அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு ஓட்ட மலையே இருந்திருக்காது. ஆனால் 1980களில் சைக்கிள்காரர்கள் திடுதிப்பென்று அங்கே பெருகியபோது, முடிவெடுக்கிற கூட்டங்களில் எழுபது வருடமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பக்கம், அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்றே தெரியாதவர்கள் இன்னொரு பக்கம்.

பாடம் புரிந்தவர்கள் சேர்ந்தார்கள். 1988இல் கலிபோர்னியாவின் ஐந்து சைக்கிள் கிளப்புகள் ஒன்றாகி சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தை, சுருக்கமாக 'இம்பா'வை, ஆரம்பித்தன. திறந்த பாதையில் மட்டும் ஓட்டு, தடயம் விடாதே, வேகத்தைக் கட்டுக்குள் வை, மற்றவர்களுக்கு வழி விடு, விலங்குகளை மிரட்டாதே, கிளம்பும் முன் திட்டமிடு என்று அவர்கள் பரப்பிய நடத்தை விதிகள்தான் இன்றைக்கு நிறைய மலையடிவாரங்களில் பலகையாக நிற்கின்றன.

முதல் வேலை: நிலம் யாருடையது?

ஒரே மலைதானே என்று நினைக்காதீர்கள். டமல்பையஸ் மலையையே எடுத்துக்கொண்டால் ஒரு பகுதி மாநிலப் பூங்கா, ஒரு பகுதி குடிநீர் வாரியத்தின் நீர்ப்பிடிப்புக் காடு, ஒரு பகுதி மாவட்டத்தின் திறந்தவெளி நிலம், இன்னொரு பகுதி தேசியப் பூங்காத் துறை. ஒரு மணி நேரச் சவாரியில் இரண்டு மூன்று எல்லைகளைத் தாண்டுவீர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு விதி, வேறு அலுவலகம். பூங்காவில் போய் நீர் வாரியத்தின் பாதையைப் பற்றிப் புகார் சொல்லிப் பிரயோஜனமில்லை.

மாவட்டத்தின் வரைபடத்தை இணையத்தில் திறந்து, உங்கள் பாதை எந்த நிலத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது, அவர்கள் வரைபடத்தில் அந்தப் பாதைக்கு என்ன பெயர் (நாம் செல்லமாக வைத்த பெயர் அங்கே இருக்காது, சில நேரம் அந்தப் பாதையே இருக்காது), முடிவெடுப்பது ஊழியர்களா தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவா, அடுத்த கூட்டம் எப்போது. பாதை அவர்கள் வரைபடத்திலேயே இல்லை என்றால் அது யாரோ அனுமதி இல்லாமல் வெட்டியது. அப்போது பாதையைக் காப்பாற்றுகிற பேச்சை விட்டுவிட்டு, அனுமதியோடு ஒரு பாதை கேட்கிற பேச்சைத் தொடங்க வேண்டும்.

தேசியக் காடுகளில் 'வனாந்தரம்' என்று சட்டப்படி அறிவித்த பகுதி இருந்தால் அங்கே உள்ளூரில் போராடிப் பயனில்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இயந்திரப் போக்குவரத்தைத் தடை செய்கிறது, 1984 முதல் காட்டுத் துறையின் விதியில் சைக்கிளும் அந்தத் தடைக்குள் தெளிவாக வந்துவிட்டது. அதை மாற்றுவது வாஷிங்டன் வரை போகிற வேலை. உங்கள் நேரத்தைப் பக்கத்து மலைக்குக் கொடுங்கள்.

தனியார் நிலம் என்றால் உரிமையாளருக்கு முதல் பயம் வழக்கு. கீழே விழுந்தவர் தன் மேல் கேஸ் போடுவாரோ என்று. கலிபோர்னியாவின் சிவில் சட்டம் 846ஆம் பிரிவு, பொழுதுபோக்குக்காக இலவசமாக உள்ளே விடுகிற நில உரிமையாளருக்கு நல்ல பாதுகாப்புக் கொடுக்கிறது, பணம் வாங்கினால் கணக்கு மாறும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம், ஆனால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபேர்ஃபாக்ஸுக்குப் பக்கத்தில் டமரான்சோ என்ற சாரணர் முகாம் நிலத்தில் வேறு ஏற்பாடு: சைக்கிள்காரர்கள் கட்டணம் கட்டிப் பாஸ் வாங்குகிறார்கள், பாதை வேலையையும் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்கிறார்கள்.

ஏன் மூடுகிறார்கள் என்று கேளுங்கள், பதிலைக் கேட்டு முடிக்கும் வரை பேசாதீர்கள்

புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். நானும் தவறியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்துப் பாதை மூடப்பட்டபோது நான் நேரே கூட்டத்துக்குப் போய், வரி கட்டுகிறோம், எங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று கோபமாகப் பேசிவிட்டு வந்தேன். ஒருத்தர் கூட பதில் சொல்லவில்லை. பிறகு பொறுமையாக ஒரு ஊழியரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, பிரச்சினை சைக்கிளே இல்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதை ஓடையாக மாறி மண்ணை அரித்துக் கீழே இருக்கிற நீரோடையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பேசியதில் ஒரு வார்த்தை கூட அதைத் தொடவில்லை.

காரணங்கள் பொதுவாக இவைதான். ஒன்று, மண். மரினின் லகுனிடாஸ் ஓடையில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட வருகின்றன. பாதையிலிருந்து கழுவிப் போகிற வண்டல் ஓடைக் கூழாங்கற்களை மூடிவிட்டால் முட்டை மூச்சு முட்டிச் சாகும். இன்னொன்று, பறவை. வடக்குப் புள்ளி ஆந்தையின் கூடு கட்டும் காலம் பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை, அந்த மாதங்களில் கூட்டுக்குப் பக்கத்தில் ரம்பம் வைத்து வேலை செய்ய விடமாட்டார்கள். அப்புறம் ஓக் மரங்களைக் கொல்லும் நோய், 1990களின் நடுவில் இந்தப் பகுதியில் தெரியவந்தது, டயரிலும் செருப்பிலும் ஒட்டுகிற சேற்றோடும் பரவும். அதனால்தான் சேற்றுச் சவாரிக்குப் பிறகு டயரை அங்கேயே தேய்த்துத் துடைத்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறோம். கடைசியாக, மனிதர்கள்: வளைவில் யாரோ வேகமாக வந்து எழுபது வயதுப் பெண்மணி பயந்து ஒதுங்கி விழுந்தது, குதிரை மிரண்டது. இதில் ஒரு சம்பவம் நடந்தால் பத்து வருடத்துக்கு அந்தக் கூட்டங்களில் அதையே பேசுவார்கள், பேசுவது நியாயமும்தான்.

சைக்கிள்தான் பாதையைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னால் உங்கள் கையில் இரண்டு ஆய்வுகள் இருக்கட்டும். 1994இல் மொன்டானாவில் செய்தது, குதிரைக் குளம்பும் நடப்பவர் காலும் சக்கரங்களை விட அதிக மண்ணைப் பெயர்த்தன என்று காட்டியது. 2001இல் கனடாவின் ஒன்டாரியோவில் செய்தது, செடிக்கும் மண்ணுக்கும் நடப்பவரும் சைக்கிள்காரரும் செய்கிற சேதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் இவற்றை எடுத்து எதிராளி தலையில் அடிக்காதீர்கள். "எல்லோரும்தான் தேய்க்கிறோம், சேர்ந்து சரிசெய்வோம்" என்று சொல்வதற்கு இவை உதவும், அவ்வளவுதான்.

சங்கத்தில் சேருங்கள், புதிதாக ஆரம்பிக்காதீர்கள்

வாட்ஸ்ஆப் குழு சங்கம் ஆகாது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே ஒரு மலைச் சைக்கிள் கிளப்போ பாதைப் பராமரிப்பு அமைப்போ இருக்கும், வருடச் சந்தா கட்டிச் சேருங்கள். அதிகாரிகள் ஒரே ஒரு அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத்தான் விரும்புவார்கள், காப்பீடும் வங்கிக் கணக்கும் பதில் சொல்ல ஒரு ஆளும் இருக்கிற அமைப்போடு. நீங்கள் பத்துப் பேர் தனியாக ஆரம்பித்தால் அந்தப் பத்துப் பேரும் காகித வேலையிலேயே களைத்துப்போவார்கள். உங்கள் பக்கத்தில் உண்மையிலேயே எதுவும் இல்லை என்றால் மட்டும் புதிதாகத் தொடங்குங்கள், அப்போதும் பக்கத்து மாவட்டக் கிளப்பின் கிளையாகத் தொடங்குவது சுலபம்.

கிளப்பில் நம் ஆட்கள் ரொம்பக் குறைவாகத்தான் தெரிகிறார்கள். ஓட்டுவதற்கு வருகிறோம், சந்தா கட்டுவதும் கூட்டத்துக்குப் போவதும் வேறு யாரோ செய்யட்டும் என்று இருந்துவிடுகிறோம். இது எனக்கு வருத்தம்.

மண்வெட்டியோடு ஒரு சனிக்கிழமை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பாதை வேலை நாள் என்று கிளப்பும் ரேஞ்சர்களும் சேர்ந்து மாதம் ஒரு தடவை நடத்துவார்கள். கருவிகள் அவர்களே தருவார்கள், நீங்கள் கொண்டு போக வேண்டியது கையுறை, முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கணுக்கால் மூடுகிற பூட்ஸ், இரண்டு லிட்டர் தண்ணீர், ஏதாவது சாப்பாடு. காலையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நீங்கள் அடிபட்டால் பாதுகாப்புக் கொடுப்பது அந்தப் படிவம்தான்.

வேலையில் பாதி, தண்ணீரைப் பாதையை விட்டு வெளியே அனுப்புவது. நம் வயலில் வரப்பு வெட்டித் தண்ணீர் திருப்புகிற புத்திதான், இங்கே திசை மட்டும் தலைகீழ். பாதையின் வெளி ஓரத்தை உள் ஓரத்தை விடக் கொஞ்சம் தாழ்வாகச் சீவி வைத்தால் மழை நீர் குறுக்கே வழிந்து சரிவில் பரவிவிடும். அந்த ஓரத்தில் மண் குவிந்து மேடாகிவிட்டால் தண்ணீர் பாதையோடு நீளமாக ஓடி வாய்க்கால் வெட்டிவிடும். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது, சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, நடுநடுவே ஒரு சின்ன ஏற்றம் வைத்துத் தண்ணீரை நிறுத்தி வெளியே தள்ள வேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் அப்புறம் எந்தப் பாதையில் போனாலும் கண் தானாகவே எங்கே அரிக்கும் என்று பார்க்க ஆரம்பித்துவிடும். மக்லியோட் என்ற அகலத் தகடும் பற்களும் உள்ள கருவியை ஒரு நாள் பிடித்துப் பாருங்கள், முதுகு வலிக்கும், ஆனால் கை அதற்குப் பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

விஷ ஓக் செடியைப் பற்றி ஜாக்கிரதை. மூன்று மூன்றாக இலை, அதன் எண்ணெய் தோலில் பட்டால் இரண்டு வாரம் அரிக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் எண்ணெய் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணிகளைத் தனியாகத் துவைத்து, கருவி பிடித்த கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

வேலை முடிந்து டிரக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாண்ட்விச் சாப்பிடுகிற அரை மணி நேரம் இருக்கிறதே, ரேஞ்சர் அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார். எந்தப் பாலம் உடைந்துவிட்டது, எதற்குப் பணம் இல்லை, யார் என்ன புகார் எழுதியிருக்கிறார்கள் என்று. நான் இந்த விஷயத்தில் கற்றுக்கொண்டதில் பெரும்பாலானது அப்படிக் காதில் விழுந்ததுதான்.

கூட்டத்தில் இரண்டு நிமிடம்

கலிபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று உண்டு. உள்ளாட்சிக் குழுக்கள் எல்லாம் தங்கள் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும், பொதுமக்களைப் பேசவும் விட வேண்டும். குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் உங்கள் முகவரியைச் சேர்த்துவிட்டால் நிரல் தானாக வரும். 'பாதை', 'நீர்ப்பிடிப்பு மேலாண்மை', 'பொழுதுபோக்குத் திட்டம்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். சைக்கிள் என்ற சொல் நிரலில் இருக்காது, உள்ளே நாற்பதாம் பக்கத்தில் இருக்கும்.

பேச இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் கிடைக்கும். எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள், அதில் வெட்கமில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், அந்தப் பாதையில் எத்தனை வருடமாகப் போகிறீர்கள், எத்தனை நாள் அங்கே மண் வேலை செய்திருக்கிறீர்கள், குழுவிடம் குறிப்பாக என்ன கேட்கிறீர்கள். இந்த நாலும் போதும். "பாதையைத் திறங்கள்" என்பதை விட "ஆறு மாதம் சோதனையாகத் திறந்து, எண்ணிப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்" என்பதற்கு ஒரு குழு தலையாட்டுவது சுலபம். முடிந்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். இங்கே பள்ளி மாணவர்களுக்கு மலைச் சைக்கிள் அணிகள் உண்டு, வடக்கு கலிபோர்னியாவில் 2001இல் ஆரம்பித்து இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் எழுந்து நின்று தான் பயிற்சி செய்கிற இடத்தைப் பற்றிப் பேசினால் அறையே அமைதியாகிவிடும்.

ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்புகிற மின்னஞ்சல் நூறு ஆகாது, ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். நாலு வரியானாலும் சொந்தமாக எழுதுங்கள். உச்சரிப்பு, இலக்கணம் பற்றித் தயங்காதீர்கள், நம் ஆங்கிலத்தை யாரும் அங்கே மதிப்பெண் போடுவதில்லை. அப்புறம் கூட்டம் முடிந்தவுடன் ஓடிவிடாமல் எதிர்த்துப் பேசியவர்களிடம் போய்க் கை கொடுங்கள்.

நடப்பவர்களும் குதிரைக்காரர்களும்

பாதையில் சைக்கிள்தான் எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும், நடப்பவர் குதிரைக்கு ஒதுங்க வேண்டும். குதிரை வந்தால் இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று, சத்தமாக "ஹலோ" சொல்லி நாலு வார்த்தை பேசுங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு ஓசையில்லாமல் நிற்கிற உருவம் குதிரைக்கு மிருகம் மாதிரித் தெரியும், குரல் கேட்டால்தான் மனிதர் என்று புரியும். பத்து டாலருக்கு ஒரு மணி வாங்கி மாட்டுங்கள். பாதை முழுக்க இப்படி நடந்துகொள்வது எந்த மனுவையும் விட அதிக வேலை செய்யும்.

குதிரைக்காரர் சங்கத்தின் பாதை வேலை நாளுக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அவர்களும் வருடக்கணக்கில் பாதைகளை இழந்தவர்கள்தான், கவலை ஒன்றுதான். ஒத்துப்போகாத இடத்தில் நாளைப் பிரித்துக்கொள்ளலாம். டாஹோ ஏரியைச் சுற்றிப் போகிற பாதையில் டாஹோ மெடோஸ் பக்கம் ஒரு பகுதியில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் சைக்கிள் அனுமதி, எத்தனையோ வருடமாக நடக்கிறது.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் அழித்துவிட முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய பாதையில் இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டுவது, அதைச் செயலியில் பதிவேற்றி எல்லோருக்கும் காட்டுவது, அனுமதியில்லாமல் மரத்தை வெட்டித் தாவுமேடை கட்டுவது, ஊழியரின் பெயரைப் போட்டுச் சமூக ஊடகத்தில் திட்டுவது. அந்தப் பதிவுகளை எதிர்த் தரப்பு அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு வரும். நண்பர் செய்தாலும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

மின்சார மோட்டார் வைத்த சைக்கிள் விஷயம் தனி. மிதித்தால் மட்டும் உதவி செய்து 20 மைல் வேகத்தில் நின்றுவிடுகிற முதல் வகையைச் சில நிலங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. கிளப்புக்குள்ளேயே சண்டை வருகிற தலைப்பு இது. என் யோசனை, இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் போடாதீர்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

வருடங்கள். 2011இல் கலிபோர்னியா அரசு பணமில்லாமல் 70 மாநிலப் பூங்காக்களை மூடப்போவதாக அறிவித்தபோது மரினின் சைனா கேம்ப்பும் பட்டியலில் இருந்தது. ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை அனுமதிக்கிற அருமையான இடம் அது. ஊர் மக்கள் அமைப்பாகச் சேர்ந்து 2012இல் பூங்காவை நடத்துகிற பொறுப்பையே எடுத்துக்கொண்டார்கள். சாந்தா குரூஸ் மலையில் சோகெல் என்ற செயல்விளக்கக் காட்டில் தன்னார்வலர்கள் உழைத்த சைக்கிள் பாதை 2015இல் திறந்தது. சியரா மலையில் டவுனிவில் என்ற பழைய தங்கச் சுரங்க ஊரில் 2003இல் தொடங்கிய பாதைப் பராமரிப்பு அமைப்பு இப்போது சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பாதை போடுகிறது.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பாதை பாதிதான் திறந்திருக்கிறது. மேல் பாதி, ஏறுவதற்கு மட்டும். அரித்த கீழ்ப்பகுதியில் நாங்களும் ரேஞ்சர்களுமாகப் பதினோரு வடிகால் வெட்டியிருக்கிறோம், இந்த மழைக்காலம் அது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் மழை அக்டோபர் கடைசியில் வந்துவிடலாம், அதற்கு முன்னால் வடிகால்களில் சேர்ந்த இலையையும் மண்ணையும் வாரிப்போட வேண்டும். உங்கள் மாவட்டத்திலும் எங்காவது இதே வேலை நடக்கும், தேதியைத் தேடி எடுத்துப் பெயர் கொடுங்கள். கையுறை மறந்துவிடாதீர்கள், அங்கே கொடுக்கிற கையுறை எல்லோருக்கும் பெரிதாகத்தான் இருக்கும்.